வீதியைச் சுற்றி ஒரு கணக்கு: பொருத்தத் தடை எண்ணைப் பென்சிலால் கண்டுபிடிப்பது எப்படி

எம்.எஸ்ஸி. கணிதம் முடிக்கும் கட்டத்தில் 'மேட்சிங் ப்ரிக்ளூஷன்' (பொருத்தத் தடை) என்ற தலைப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பத்துப் பன்னிரண்டு வரையறை வரிசை கட்டி நிற்கும். அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ரப்பர், நான்கு கலர் பென்சில் போதும். நமக்கு வேண்டிய கிராஃப், அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படம், மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியே கிடக்கிறது.

முதலில் படம்

கோவிலுக்கு வெளியே உள்ளிருந்து வெளியாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சதுரம் போடுங்கள். நிஜத்தில் இவை இவ்வளவு நேரான சதுரங்கள் இல்லை என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். நமக்குப் படம் போதும். ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு மூலை: ஈசானி, அக்னி, கன்னி, வாயு. மொத்தம் 16 மூலைகள். இவைதான் முனைகள். அடுத்தடுத்த சதுரங்களின் ஒரே திசை மூலைகளைக் குறுக்குச் சந்து போல ஒரு கோட்டால் இணையுங்கள். உதாரணமாக, மாசி வீதியின் அக்னி மூலையிலிருந்து வெளி வீதியின் அக்னி மூலைக்கு ஒரு கோடு. வீதிகளாக 16 கோடு, சந்துகளாக 12 கோடு, ஆக 28. கிராஃப் மொழியில் இந்தக் கோடுகளுக்கு விளிம்பு என்று பெயர்.

இப்போது 16 மூலையிலும் ஆளுக்கொருவராகத் திருவிழாத் தொண்டர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி வேண்டும். கூட்டாளி பக்கத்து மூலையில், அதாவது ஒரே கோட்டின் மறுமுனையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு கூட்டாளி கூடாது, யாரும் தனியாக நிற்கவும் கூடாது. இப்படி எல்லோரையும் ஜோடி சேர்த்துவிட்டால் அதுதான் முழுப் பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே பார்ப்பது ஒரே பொருத்தம், நடுவில் கோடு இருக்கிறதா என்பது.

ஆட்களுக்குப் பதில் கணினிகளை நிறுத்துங்கள், வீதிகளுக்குப் பதில் கம்பிகள். அதுதான் இணைப்பு வலையமைப்பு. ஒரு கணினி படுத்தால் அதன் வேலையைக் கூட்டாளி எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் எழும் கேள்வி: கம்பிகள் அறுந்துகொண்டே போனால், எத்தனை அறுந்த பிறகு எல்லோருக்கும் கூட்டாளி கிடைப்பது நின்றுபோகும்? மிகக் குறைந்தபட்சம் எத்தனை விளிம்பை நீக்கினால் முழுப் பொருத்தம் இல்லாமல் போகிறதோ, அந்த எண்ணே பொருத்தத் தடை எண். (முனைகள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிட்டு ஜோடி சேர்ப்பார்கள். அதைத் தொடக்கத்தில் தொடாதீர்கள்.)

இந்தக் கேள்வியை 2005இல் எழுதி வெளியிட்டவர்கள் நால்வர்: பிரிகம், ஹராரி, வயலின், யெல்லன். வயலின் இங்கே வாத்தியம் இல்லை, ஆளின் பெயர். ஹராரி கிராஃப் தியரி படித்த எல்லோருக்கும் தெரிந்த பெயர். அந்த ஆண்டு ஜனவரியில்தான் இறந்தார்.

ஜோடி சேர்த்துப் பழகுங்கள்

சிவப்புப் பென்சிலை எடுங்கள். நான்கு சதுரத்திலும் வடக்கு வீதியையும் தெற்கு வீதியையும் மட்டும் சிவப்பாக்குங்கள். வடக்கு மாசி வீதி வாயு மூலையையும் ஈசானி மூலையையும் ஜோடி சேர்க்கிறது. தெற்கு மாசி வீதி கன்னியையும் அக்னியையும். நான்கு சதுரத்திலும் இப்படியே. எட்டு கோடு, பதினாறு பேரும் ஜோடி.

நீலப் பென்சிலால் கீழ வீதிகளும் மேல வீதிகளும். அதுவும் எட்டு கோடு, இன்னொரு முழுப் பொருத்தம். சிவப்பு பட்ட கோடு எதிலும் நீலம் படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பச்சைக்குச் சந்துகள். சித்திரை வீதி மூலைகளை ஆவணி மூல வீதி மூலைகளோடும், மாசி வீதி மூலைகளை வெளி வீதி மூலைகளோடும் சேர்க்கிற எட்டுச் சந்துகளைப் பச்சையாக்குங்கள். மூன்றாவது முழுப் பொருத்தமும் கிடைத்துவிட்டது. நிறம் படாமல் மிச்சம் நான்கு கோடு: ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் இடைப்பட்ட சந்துகள். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

கெடுக்கப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். இந்தத் துறையின் வேலையில் பாதி இதுதான், புதிதாக வருபவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான்.

ரப்பரை எடுத்து, ஜோடி சேர முடியாதபடி எவ்வளவு குறைவான கோடுகளை அழிக்கலாம் என்று பாருங்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு மூலையைத் தனிமைப்படுத்துவது. வெளி வீதி ஈசானி மூலையில் மூன்று கோடுதான் சேர்கிறது: வடக்கு வெளி வீதி, கீழ வெளி வீதி, உள்ளே போகும் ஒரு சந்து. மூன்றையும் அழித்தால் அங்கே நிற்பவருக்கு யாருமில்லை, கதை முடிந்தது. ஆகவே தடை எண் 3 அல்லது அதற்கும் குறைவு. பொதுவாகவே முனைகள் இரட்டைப்படையாக உள்ள எந்தக் கிராஃபிலும் தடை எண் மிகச்சிறிய படியைத் தாண்டாது. படி என்பது ஒரு முனையில் சேரும் கோடுகளின் எண்ணிக்கை.

இன்னொரு விதமாகவும் கெடுக்கலாம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் சில மூலைகளை வட்டமிட்டு, வட்டத்திலிருந்து வெளியே போகும் கோடுகளை எல்லாம் அழித்துவிடுங்கள். உள்ளே ஐந்து பேர் என்றால் ஒருவர் கண்டிப்பாக மிஞ்சுவார். தனிமைப்படுத்துவதும் இதன் ஒரு வகைதான், வட்டத்துக்குள் ஒரே ஆள்.

இப்போது வேறொன்றைச் செய்து பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில்தான் சுற்றி வரும். அந்த நாளில் நான்கு மாசி வீதியும் அடைபட்டன, சந்துகள் திறந்திருக்கின்றன என்று வையுங்கள். நான்கு கோடு போய்விட்டது. ஆனால் பச்சைப் பொருத்தத்தில் வீதியே கிடையாது, சந்துகள் மட்டும்தான். எல்லோருக்கும் கூட்டாளி அப்படியே இருக்கிறார். நான்கு போயும் பிழைக்கிறது, மூன்று போயும் சாகிறது. எது போகிறது என்பதில்தான் விஷயம். தடை எண் சொல்வது, ஆகக் கெட்ட எதிரி எந்த இடத்தில் வெட்டினாலும் இந்த எண்ணிக்கைக்குக் கீழே ஒன்றும் ஆகாது என்பதை மட்டும்.

காப்பாற்றிக் காட்டுங்கள்

மூன்றால் கெடுக்கலாம் என்று காட்டியாயிற்று. இரண்டால் முடியாது என்று காட்டினீர்களா? பலர் இந்த இடத்தில் "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். எம்.ஃபில். படிக்கும்போது நானும் அதைத்தான் செய்தேன். எல்லா முனைக்கும் ஒரே படி இருந்தால் தடை எண்ணும் அந்தப் படியேதான் என்று ஒரு தேற்றத்தையே நோட்டில் எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டேன். வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து மூன்று கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஐந்து புள்ளிகள் கொண்ட ஒரு கொத்து என 16 முனைப் படம் ஒன்றை வரைந்தார். எல்லா முனைக்கும் படி மூன்று. "இதில் முழுப் பொருத்தம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். இல்லை. நடுப்புள்ளி ஒரு கொத்துடன்தான் ஜோடி சேரும். மற்ற இரண்டு கொத்திலும் ஐந்து ஐந்து பேர் மாட்டிக்கொள்வார்கள். எதையும் அழிக்காமலே பொருத்தம் இல்லை, தடை எண் பூஜ்யம். தேற்றத்தை நானே அடித்தேன்.

நம் வீதிப் படத்துக்கு விடை கையிலேயே இருக்கிறது. சிவப்பு, நீலம், பச்சை என மூன்று பொருத்தங்கள், ஒன்றோடொன்று ஒரு கோட்டைக்கூடப் பகிர்ந்துகொள்ளவில்லை. இரண்டு கோட்டை அழித்தால் அதிகபட்சம் இரண்டு நிறம்தான் கெடும், ஒரு நிறம் முழுசாக மிஞ்சும். ஆகவே இரண்டு போதாது. தடை எண் சரியாக 3.

மேலிருந்து ஒரு கை, கீழிருந்து ஒரு கை. இரண்டும் ஒரே எண்ணில் சந்தித்தால்தான் நிரூபணம். ஒரு கை மட்டும் இருக்கும் கட்டுரைகள் அச்சிலும் வந்திருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் போடுகிற இதழ்களில் தேடினால் கிடைக்கும்.

நான்கு கோடு சேர்த்தால்

வெளி வீதி மூலையிலிருந்து சித்திரை வீதி மூலைக்கு நேராக ஒரு மேம்பாலம் கட்டினால் எப்படி இருக்கும்? ஊரில் கட்ட வேண்டாம், நோட்டில் கட்டுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு. இப்போது 32 கோடு, எல்லா மூலைக்கும் படி நான்கு. முன்பு மிச்சம் வைத்த நான்கு சந்துகளையும் புதிய நான்கு பாலங்களையும் மஞ்சளாக்குங்கள். நான்காவது முழுப் பொருத்தம் வந்துவிட்டது. தடை எண் 3இலிருந்து 4 ஆகிவிட்டது.

இது வெறும் விளையாட்டு இல்லை. நீங்கள் இப்போது வரைந்திருப்பதற்கு நான்கு பரிமாண ஹைப்பர்கியூப் என்று பெயர். சித்திரை, ஆவணி மூலம் என்ற இரண்டு சதுரத்தையும் இடைச் சந்துகளையும் மட்டும் எடுத்தால் அது சாதாரணக் கனசதுரம், மேலிருந்து பார்த்தது போல. 1983இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய காஸ்மிக் கியூப் என்ற இணைக்கணினியில் 64 கணினிகள் ஆறு பரிமாண ஹைப்பர்கியூபாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு இணைப்பு. அதன் தடை எண்ணும் ஆறுதான்; காரணமும் நம் கலர் பென்சில் காரணமே, ஒவ்வொரு திசையிலும் ஓடும் கோடுகள் ஒரு முழுப் பொருத்தம்.

கோவில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பூசியிருப்பதைப் போல, மூலைகளையும் அடுத்தடுத்துக் காவி, வெள்ளை என்று பூசிப் பாருங்கள். எந்தக் கோட்டை எடுத்தாலும் ஒரு முனை காவி, மறுமுனை வெள்ளை. இப்படிப் பூச முடிகிற கிராஃப்களை இருபகுதிக் கிராஃப் என்போம். இருபகுதியாக இருந்து எல்லா முனைக்கும் ஒரே படியும் இருந்தால், அதை அந்தப் படி எண்ணிக்கையிலான முழுப் பொருத்தங்களாகப் பிரித்துவிடலாம் என்று 1916இலேயே கோனிக் நிறுவிவிட்டார். ஆகவே அங்கெல்லாம் தடை எண் உடனே கைக்கு வந்துவிடும். என் தேற்றத்தில் விட்டுப்போனது இந்த 'இருபகுதி' என்ற ஒரு சொல்தான்.

பீட்டர்சன் கிராஃப்

காவி-வெள்ளை ஒட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல கிராஃப் கிடையாது. ஐந்து பேருக்கு 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். இருவர் இருவராக எடுத்தால் பத்துக் குழு: 12, 13 என்று 45 வரை. இவை முனைகள். பொது ஆள் இல்லாத இரு குழுக்களுக்கு இடையே கோடு. 12க்கு 34, 35, 45. மொத்தம் 15 கோடு, எல்லாப் படியும் மூன்று.

இதில் முழுப் பொருத்தங்கள் ஆறு இருக்கின்றன. பொறுமையாக எண்ணுங்கள், ஒரு சாயங்காலம் போகும், வீணில்லை. எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன; ஆகவே கலர் பென்சில் வித்தை இங்கே செல்லாது. எண்ணிக்கைதான் வழி. ஆறு பொருத்தம், தலைக்கு ஐந்து கோடு, ஆக 30; கோடுகள் 15; ஒவ்வொரு கோடும் சரியாக இரண்டு பொருத்தத்தில் வருகிறது. இரண்டு கோட்டை அழித்தால் அதிகபட்சம் நான்கு பொருத்தம் போகும், குறைந்தது இரண்டு மிஞ்சும். ஆகவே தடை எண் 3.

ருசியான இடம் அடுத்தது. 12–34, 13–24, 14–23 ஆகிய மூன்று கோட்டை மட்டும் அழியுங்கள். எந்த முனையும் தனிமைப்படவில்லை, மூன்றும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. ஆனாலும் முழுப் பொருத்தம் செத்துவிட்டது. ஏன்? 12, 13, 14, 23, 24, 34 என்ற ஆறு முனைக்கும் இப்போது தங்களுக்குள் கோடே இல்லை. அவற்றுக்குக் கூட்டாளியாகக் கிடைப்பவை 15, 25, 35, 45 என்ற நான்கு மட்டும். ஆறு பேருக்கு நான்கு கூட்டாளி, இருவர் நடுத்தெருவில். 5ஐ ஒதுக்கியது போல ஒவ்வொரு எண்ணையும் ஒதுக்கினால் இப்படி ஐந்து வழி வரும். தனிமைப்படுத்தும் வழி பத்தோடு சேர்த்து மொத்தம் 15.

"சில முனைகளை எடுத்துவிட்டால், எடுத்த எண்ணிக்கையைவிட அதிகமாக ஒற்றைப்படைத் துண்டுகள் மிஞ்சுகின்றனவா?" இதுதான் டட் 1947இல் தந்த சோதனை. எங்குமே மிஞ்சாவிட்டால் முழுப் பொருத்தம் உண்டு. எங்காவது மிஞ்சினால் இல்லை. மேலே நாம் எடுத்தது நான்கு, மிஞ்சியது ஆறு ஒற்றை முனைகள். இந்தத் துறையில் நீங்கள் எழுதப்போகும் பெரும்பாலான நிரூபணங்கள் இந்த வரியைச் சுற்றித்தான் ஓடும். மனப்பாடம் செய்யாமல் நாலு படத்தில் போட்டுப் பழகுங்கள்.

மிகக் குறைந்த எண்ணிக்கையில் கெடுக்கும் வழிகள் எல்லாமே ஒரு முனையைத் தனிமைப்படுத்துவதாக மட்டும் இருந்தால் அது உயர்ந்த வலையமைப்பு. நம் 16 மூலை ஹைப்பர்கியூப் அப்படித்தான். 32 கோட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 35,960 வழி. அவற்றில் கெடுப்பவை 16 மட்டும், மூலைக்கு ஒன்று. தற்செயலாக நான்கு கம்பி அறுந்தால் ஆபத்து ஏறக்குறைய 2,250இல் ஒன்று. பீட்டர்சனில் மூன்று கோடு போனால் 455இல் 15, அதாவது முப்பதில் ஒன்று. அளவில் சின்னது என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் எண் 3 என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் இதெல்லாம் கண்ணில் படாது.

அப்புறம் வரும் இரண்டு கிளைகள்

தற்செயலில் ஒரு முனையின் எல்லாக் கம்பியும் ஒன்றாகப் போவது அரிது. அதனால் "யாரும் தனிமைப்படக் கூடாது" என்று நிபந்தனை போட்டுக் கேட்பார்கள். செங், லெஸ்னியாக், லிப்மன், லிப்தாக் ஆகியோர் 2009இல் தொடங்கியது. ஒரு மூலையின் இரண்டு பக்கத்து மூலைகளை எடுத்து, இருவருக்கும் அந்த ஒரே மூலைக்குப் போகும் கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். இரண்டு பேர், ஒரே கூட்டாளி. நம் ஹைப்பர்கியூபில் 3 + 3 = 6. இதற்குக் குறைவாக முடியாது. மூன்றும் அதற்கு மேலும் பரிமாணமுள்ள எந்த ஹைப்பர்கியூபிலும் விடை, பரிமாணத்தின் இருமடங்கில் இரண்டு குறைவு.

கம்பி மட்டுமா போகும், கணினியும் போகலாமே என்று 2011இல் கேட்டவர்கள் பார்க், இஹ்ம் என்ற இருவர். இதற்கு வலுத்தடை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இங்கே காவி-வெள்ளைக்காரர்கள் மோசமாக மாட்டுவார்கள். இரண்டு காவி மூலையை எடுத்துவிட்டால் ஆறு காவி, எட்டு வெள்ளை. எந்தப் பரிமாணமானாலும் இரண்டே முனையில் கதை முடிந்தது. கோனிக் தேற்றத்தால் வந்த சௌகரியத்துக்கு இது வட்டி.

லேப்டாப்பை எப்போது திறப்பது

பென்சிலால் ஒரு கிராஃபையாவது முடித்த பிறகு. பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் என்ற கிராஃப் நிரல் தொகுப்பு இலவசம். எட்மண்ட்ஸ் 1965இல் தந்த வழிமுறையின் மேல் அமைந்த பொருத்தம் தேடும் கட்டளை அதில் இருக்கிறது. 32 கோட்டில் மூன்று மூன்றாக அழித்துப் பார்க்க 4,960 முறைதான், டீ குடித்து வருவதற்குள் முடியும். காஸ்மிக் கியூபில் 192 கோடு; ஐந்து ஐந்தாக அழித்துப் பார்க்க 200 கோடி முறைக்கு மேல். ஆறு கலர் பென்சில் அதை ஒரே வரியில் முடித்தது. கணினி சின்ன அளவுகளைச் சரிபார்க்கட்டும். அதை அடித்தளமாக வைத்துத் தொகுத்தறி முறையில் ஏறுவது உங்கள் வேலை.

தலைப்புத் தேடுவோருக்கு ஒன்று சொல்வேன். புதிதாக ஒரு வலையமைப்புக் குடும்பத்தை எடுத்து, அதற்கும் ஒரு எண் கண்டுபிடித்து, கட்டுரை ஒன்று என்று போகாதீர்கள். அது இருபகுதியாகவும் எல்லாப் படியும் ஒன்றாகவும் இருந்தால் விடை 1916லேயே வந்துவிட்டது. வலையமைப்புக்காரர்கள் சொல்லும் நட்சத்திரக் கிராஃபுக்கு (நடுப்புள்ளியும் கிளைகளும் மட்டும் உள்ள நட்சத்திரம் இல்லை, எல்லா முனைக்கும் ஒரே படி உள்ளது) அதுதான் கதி. கெடுக்கும் வழிகள் எத்தனை வகை என்று கேளுங்கள், அங்கே வேலை இருக்கிறது. உட்கார்ந்து யோசிக்க நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தெற்கே கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் கிராஃப் தியரிக்கென்றே 2004 முதல் ஓர் இதழ் நடத்துகிறது. பழைய இதழ்களைப் புரட்டினால் நிரூபணம் எழுதும் நடை பிடிபடும்.

வீட்டுக்கணக்கு: மதிலுக்கு உள்ளே இருக்கும் ஆடி வீதியையும் சேர்த்து ஐந்து சதுரம் போடுங்கள், 20 மூலை. சந்துகளால் மட்டும் ஜோடி சேர்க்கும் பச்சை வித்தை இப்போது வேலை செய்யாது, ஒரு திசையில் ஐந்து மூலை நிற்கிறதே. ஆனாலும் தடை எண் 3தான். ஒரு பொருத்தத்தில் ஆடி வீதியில் மட்டும் வடக்கும் தெற்கும், இன்னொன்றில் வெளி வீதியில் மட்டும் வடக்கும் தெற்கும், மற்றதெல்லாம் சந்து. மூன்றாவது உங்களுக்கே தெரியும். முடித்ததும் வெளி வீதி மூலைகளை ஆடி வீதி மூலைகளோடு பாலம் போட்டு இணையுங்கள். காவி-வெள்ளை பூசிப் பாருங்கள், ஒட்டாது. கோனிக் கைவிட்டுவிடுவார். மூன்று நிறமும் போட்ட பிறகு மிச்சமிருக்கும் பத்துக் கோட்டையும் மஞ்சளாக்கி, எந்த மூலையிலாவது இரண்டு மஞ்சள் சேர்கிறதா என்று பாருங்கள்.